மாமனார் ரிவால்வரும் ஒரு உருண்டைப் புளியும்

அன்று எனக்கு இருந்தது ஒரே வேலை. காலமான மாமனாரின் டிரங்குப் பெட்டியடியில் கிடைத்த ரிவால்வரை கும்மிடிப்பூண்டிக்கு எடுத்துப்போய் போலீஸ் ஸ்டேஷனில் காட்ட வேண்டும்.

வீட்டுக்காரர் முந்தின நாளே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"துப்பாக்கி பாக்கிறவரு வியாழக்கிழமை வராராம். சுட முடியாத பழசுன்னு எழுதிக் குடுத்தா ஊட்டுலயே வெச்சுக்கலாம். இல்லன்னா கேஸு."

கேஸ் என்றால் அவருடைய ஃபேக்டரி வேலை போச்சு. வியாழக்கிழமை அவருக்கு ஷிஃப்ட். ஆகவே நான்.

பெட்டியைத் திறந்தால் துரு! பிசுக்கு! பச்சைக் களிம்பு! நகத்தில் அழுக்கிருந்தால் பெஞ்சுமேல் ஏற்றும் கன்னியாஸ்திரீகளிடம் பத்து வருஷம் படித்தவள் நான். இந்தக் கோலத்தில் நாலு பேர் முன் நீட்டினால் குடும்ப மானம் என்ன ஆவது?

புளி. செங்கல் பொடி. தேங்காய் நார். முக்கால் மணி நேரம். குத்துவிளக்குக்குக்கூட நான் இவ்வளவு பாடுபட்டதில்லை.

ஒயர் கூடையில் துண்டு சுற்றி வைத்து, ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறினேன். பக்கத்து சீட்டு அம்மாள் மோப்பம் பிடித்தாள்.

"கூடையில இன்னாக்கா, எறாவா?"

"இல்லம்மா, மாமனாரு சாமான்."

போலீஸ் ஸ்டேஷனில் மேசைமேல் வைத்ததும் ஏட்டு கண்ணைச் சுருக்கினார்.

"இன்னாம்மா, இப்டி மின்னுது!"

நான் பெருமையாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.

துப்பாக்கி பார்ப்பவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எப்ப வாங்கினது?"

"ரொம்பப் பழசு சார். மாமனாருக்கு ஒரு வெள்ளைக்கார துரை குடுத்தாராம். துரை பேரு கைப்பிடியில இருந்துச்சு."

"இருந்துச்சா?"

"காலைல வரைக்கும்."

"நம்பரு?"

"அதையும் தேய்ச்சிட்டேன்."

"எதால?"

"புளியும் செங்கல் பொடியும்."

ஏட்டு பேனாவைத் திறந்தார். "புதுத் துப்பாக்கி, நம்பரை அழிச்சிருக்காங்கன்னு எழுதிக்கவா சார்?"

"இருங்க ஏட்டய்யா! நான் தினம் பாத்திரமுந்தான் தேய்க்கிறேன். அதையும் எழுதிப்பீங்களா?"

"பாத்திரத்துல யாரும் தோட்டா போடறதில்லம்மா."

வீட்டுக்காரரின் வேலை என் கண்முன்னால் போய்க்கினு இருந்தது.

துப்பாக்கி பார்ப்பவர் குழலுக்குள் ஒரு கம்பியை விட்டார். பாதிக்குமேல் போகவில்லை. தலைகீழாகப் பிடித்து மேசையில் தட்டினார். காய்ந்த மண் கட்டி ஒன்று பொத்தென்று விழுந்து உடைந்தது.

"குளவிக் கூடு. இங்க மட்டும் ஏன் தேய்க்கல?"

"விரல் நுழையல சார்."

மீதியையும் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே எல்லாம் துருவேறி இறுகிப்போயிருந்ததாம். எழுதினார்: "மிகப் பழையது. சுட இயலாது. உள்ளே குளவிக் கூடு. வெளியே வீட்டம்மா கைவண்ணம்."

காகிதத்தை நீட்டும்போது சொன்னார்: "இனிமே பழைய சாமான் எதுன்னாலும் அழுக்கோட கொண்டாங்கம்மா."

சாயங்காலம் வீட்டுக்காரர் வாசலிலேயே கேட்டார். "இன்னாடி ஆச்சு?"

"உங்க வேலையை ஒரு குளவி காப்பாத்திச்சு."

அன்றிலிருந்து பரணில் ஒட்டடை அடிப்பதில்லை. யாராவது கேட்டால், பழசுக்கு அதுதான் சாட்சி என்கிறேன்.