முத்திரை விழாத பதில்கள்

என் தங்கையின் கணவரும், ஒரு காலத்தில் கல்லூரியில் ஒரே பெஞ்சில் என் முழங்கையை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருமான மாப்பிள்ளை அவர்களுக்கு, மைத்துனன் உரிய மரியாதையுடன் எழுதுவது.

தாங்களும் என் தங்கையும் மாற்றலாகிப் போன ஊரில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சௌக்கியமா என்றால், அதைச் சரிபார்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் இப்போது சரிபார்க்காமல் எதையும் சொல்ல முடிவதில்லை. போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நான் போனை எடுத்தால் தங்கள் மகள் பக்கத்தில் வந்து நின்று குறிப்பெடுக்கிறாள்.

வீடு பார்க்கவும் பள்ளிக்கூடத்தில் இடம் பிடிக்கவும் பத்து நாள் ஆகும், அதுவரை குழந்தை உங்களோடு இருக்கட்டும் என்றீர்கள். இன்றோடு இருபத்தாறு நாள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் குறை ரயில் நிலையத்தில் ஆரம்பிக்கிறது. வண்டி கிளம்பும் நேரத்தில் அந்த எட்டு வயதுப் பொடிசின் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, "எந்தச் சந்தேகம் வந்தாலும் மாமாவைக் கேளு, பதிலை இதுல எழுதி வை, அப்பா வந்து படிக்கிறேன். மாமா தெரியாதுன்னு சொல்லவே மாட்டார்" என்றீர்கள். சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தீர்கள். எனக்குத் தெரியாத சிரிப்பா அது? இருபத்தாறு வருடத்துக்கு முன் தேர்வு முடிவு ஒட்டிய பலகைக்கு முன்னாலும் அதையேதான் சிரித்தீர்கள். தாங்கள் இன்று பௌதிகப் பேராசிரியர். நான் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிறவன். இருக்கட்டும். ஆனாலும் தங்களைவிட எனக்குப் பௌதிகம் அதிகம் தெரியும் என்ற எண்ணம் ஒன்றுதான் இத்தனை வருடமாக என்னைக் காலையில் எழுப்பி அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கிறது. அதற்கும் இப்போது ஆபத்து வந்துவிட்டது. அந்த நோட்டு தங்கள் கைக்கு வரப்போகிறது.

என் வாயால் நான் கெட்டேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வந்த இரண்டாம் நாள் பொடிசு, "மாமா, ஆபீஸ்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை, என் மனைவி உட்பட. பெருமை தாங்காமல் விளக்கிவிட்டேன். ஒரு தராசில் ஒரே படிக்கல்லை மூன்று முறை வைத்துப் பார்ப்போம், மூன்று முறையும் ஒரே எடை காட்டினால்தான் முத்திரை, ஒரு முறை பிசகினாலும் நிராகரிப்பு, கடைக்காரர் அழுதாலும் சரி, புரண்டாலும் சரி என்றேன். அதோடு விட்டேனா? அலுவலகத்தில் கழித்துப்போட்ட இரண்டு ரப்பர் முத்திரைகளை மைப்பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தேன். ஒன்று 'சரிபார்க்கப்பட்டது', இன்னொன்று 'நிராகரிக்கப்பட்டது'. படித்தவன் எவனாவது இந்தக் காரியத்தைச் செய்வானா?

மறுநாள் காலையிலிருந்து என் பதில்களுக்கு முத்திரை விழ ஆரம்பித்தது.

முதல் கேள்வி, ஐஸ் போட்ட டம்ளருக்கு வெளிப்பக்கம் ஏன் வியர்க்கிறது, டம்ளர் ஓட்டையா என்பது. காற்றில் இருக்கும் நீராவி குளிர்ந்து படிகிறது என்று சரியான பதிலைத்தான் சொன்னேன். "எப்படித் தெரியும்?" என்றாள். சிவப்பு மை கலந்த தண்ணீரை ஊற்றுவோம், வெளியே படிவது நிறமில்லாமல் இருந்தால் அது உள்ளேயிருந்து வரவில்லை என்று அர்த்தம் என்றேன். சோதனை பிரமாதம்தான். மூன்று டம்ளர் வைத்தோம். முதல் இரண்டும் பளிங்கு மாதிரி வியர்த்தன. மூன்றாவது டம்ளரில், என் வீட்டு டம்ளர்தானே, அடியில் ஒரு விரிசல். வெள்ளை மேசைவிரிப்பில் சிவப்பாக ஒரு ஏரி உண்டாயிற்று. "ஒண்ணு பிசகிடுச்சு மாமா" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு நிராகரிப்பை டொப் என்று குத்தினாள். அது டம்ளரோட தப்பும்மா, பதிலோட தப்பு இல்ல என்று மன்றாடினேன். "கடைக்காரர் அழுதாலும் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" மேசைவிரிப்பைத் துவைத்துக்கொண்டே என் மனைவி, "சரியாத்தான் கேக்குறா" என்றாள். இந்த வீட்டில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஆளுக்கு என்றைக்குமே பஞ்சம் வந்ததில்லை.

வெங்காயம் உரித்தால் நமக்குக் கண்ணீர் வருகிறது, வெங்காயத்துக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வியையும், மீனுக்குத் தாகம் எடுக்குமா என்ற கேள்வியையும் தாண்டி லிஃப்டுக்கு வருகிறேன். லிஃப்டில் கீழே போகும்போது நம் எடை குறையுமா என்றாள். எடை என்றால் என் துறை. கவனமாக இருந்திருக்க வேண்டும். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், "குறையும், குறையும், கீழே போய்ச் சேரும்வரை குறைவாகத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். தாங்கள் இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

சனிக்கிழமை காலை, ஏறி நின்றால் முள் சுற்றும் பழைய எடைமெஷின் ஒன்றை லிஃப்டுக்குள் வைத்து, அதன்மேல் நான் நிற்க, பொடிசு தரையில் உட்கார்ந்து முள்ளைப் பார்க்க, ஐந்தாம் மாடிக்கும் தரைத்தளத்துக்கும் போய்வர ஆரம்பித்தோம். இரண்டு நடை முடிந்தது. மூன்றாவது நடைக்கு நாலாம் மாடியில் பல் டாக்டர் ஏறிக்கொண்டார். "சார், நீங்க வெயிட்டைக் குறைக்கிறதா இருந்தா படியில ஏறி இறங்குங்க. லிஃப்ட்ல நின்னா குறையாது" என்றார். அதற்கு நான் ஒரு பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. நாற்பது நிமிடம். கீழே தன் கிளினிக்கில் ஒருத்தர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார், ஏதோ அந்த வாயை நான் திறந்துவிட்டமாதிரி. பொடிசு மட்டும் நேரத்தை வீணாக்கவில்லை. பால் பல்லுக்கு விழ வேண்டிய நேரம் எப்படித் தெரியும் என்று அவரிடம் கேட்டாள். மனுஷன் கோபத்தை மறந்து பதினைந்து நிமிடம் விளக்கினார். நோட்டில் படம்கூட வரைந்து கொடுத்தார்.

கடைசியில் லிஃப்ட் மெக்கானிக் வந்து கதவை ஒரு சாண் திறந்தார். அந்த இடுக்கில் அவர் முகம் தெரிந்ததும், எங்களை வெளியே எடுங்கள் என்றா பொடிசு கேட்டாள்? "அண்ணா, லிஃப்ட்ல கீழ போனா எடை குறையுமா?" என்றாள். அவர் ஒரு நொடி யோசிக்கவில்லை. "கிளம்புறப்போ கொஞ்சம் குறையும் பாப்பா. நிக்கிறப்போ கொஞ்சம் கூடும். நடுவுல ஒண்ணும் இருக்காது. பதினெட்டு வருஷமா ஏறி இறங்குறேன், என் முழங்காலே சொல்லும்." மாப்பிள்ளை, அதுதான் சரியான பதில். நான் முதுகலைப் பட்டம் வாங்கிய பாடத்தில், சுவரில் மாட்டியிருக்கும் என் பட்டத்தைவிட அவருடைய முழங்கால் சரியாகச் சொல்லியது. வெளியே வந்ததும் பொடிசு அவரையும் ஏற்றிக்கொண்டு மூன்று நடை போனாள். மூன்று முறையும் முள் அவர் சொன்னபடியே கேட்டது. மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு முத்திரையையும் குத்தினாள். எந்தப் பக்கத்தில் எது விழுந்தது என்று எழுத என் கை கூசுகிறது.

போன வாரம் வரை மொத்தம் நாற்பத்தேழு கேள்விகள். அதில் நான் தேறியது ஒன்பதில். மெக்கானிக்கிடம் ஏழு கேட்டாள், ஏழும் தேறிவிட்டன. இப்போது அவர் எங்கள் மாடிக்கு வேலை இல்லாவிட்டாலும் வந்து, "சார், இன்னிக்கு ஏதாவது கேள்வி இருக்கா?" என்கிறார்.

இனி, இந்தக் கடிதத்தை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன். வானம் ஏன் நீலம் என்று கேட்டாள். விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம் என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். வெளிச்சத்தில் எல்லா நிறமும் இருக்கிறது, அலை எவ்வளவு குட்டையோ அவ்வளவு அதிகமாகச் சிதறும், சிவப்பு நெட்டை, நீலம் குட்டை என்றேன். அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு, "ஊதா நீலத்தைவிடக் குட்டைதானே மாமா? அப்ப வானம் ஏன் ஊதாவா இல்ல?" என்றாள்.

நான் சாப்பிடு என்றேன். அவள் சாப்பிட்டு முடித்துவிட்டு மறுபடியும் கேட்டாள்.

வேறு வழியில்லாமல் பரணில் ஏறி என் பழைய கல்லூரி நோட்டை எடுத்தேன். எந்த நோட்டு என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது தாங்கள் வாங்கிக்கொண்டு போய், தேர்வு முடிந்த மூன்றாம் நாள் கொண்டுவந்து கொடுத்த நோட்டு. டேய், ஒரு வாரத்தில் தந்துவிடுகிறேன் என்றாயே, தந்தாயா நீ? மன்னிக்கவும். எழுதும் வேகத்தில் ஒருமையில் வந்துவிட்டது. அன்று நான் "பரவாயில்லை" என்று சொன்னேன். அந்த ஒரு பரவாயில்லையை இன்னும் இறக்கிவைக்கவில்லை. தங்களால்தான் நான் பின்தங்கினேன் என்று நானும் நினைத்தேன், கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லவும் செய்தேன். போகட்டும். ஒளி சிதறும் பாடத்தைப் புரட்டினேன். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், என் கையெழுத்தில் ஒரு வரி: "அப்படியானால் ஊதா ஏன் இல்லை? நாளைக்கு வகுப்பில் கேட்க வேண்டும்."

பொடிசு என் தோள்மேல் எட்டிப் பார்த்துப் படித்தாள். "நாளைக்குன்னு போட்டிருக்கே. கேட்டீங்களா?"

"இல்லம்மா."

"ஏன்?"

"கேட்டா, இவனுக்கு இதுகூடத் தெரியலையேன்னு நினைப்பாங்கன்னு."

"நினைச்சா என்ன?"

அந்தப் பக்கத்தில் போட்டிருந்த தேதியைப் பார்த்தேன். நோட்டு தங்களிடம் போனது அந்த வரியை எழுதி நான்கு மாதம் கழித்து. அந்த நான்கு மாதமும் வகுப்பு நடந்தது, வாத்தியார் வந்தார், நான் முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கணக்கை இதற்குமுன் நான் ஏன் போட்டுப் பார்க்கவில்லை என்று தெரியவில்லை.

"சரி, இப்பச் சொல்லுங்க. ஊதா ஏன் இல்ல?" என்றாள். தெரியாது என்றேன். தாங்கள் ரயில் நிலையத்தில் எதை நான் சொல்லவே மாட்டேன் என்றீர்களோ, அதை. அவள் இரண்டு முத்திரையையும் கையில் எடுத்துப் பார்த்தாள், வைத்துவிட்டாள். மறுநாள் அதே கேள்வியைக் கேட்டாள். தெரியாது. மூன்றாம் நாள், நான் அலுவலகம் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள். தெரியாது. "மூணு தடவையும் ஒரே மாதிரி காட்டுது" என்று சொல்லிவிட்டு, 'சரிபார்க்கப்பட்டது' என்று குத்தினாள். எனக்கு விழுந்த பத்தாவது முத்திரை அது. அன்று ஒரு கடைக்காரர், இந்தப் புது மாடல் தராசு மழைக்காலத்தில் ஏன் சார் பிசகுது என்று கேட்டார். தெரியலையே என்றேன். வாய் கோணிக்கொள்ளவில்லை. அவரும் ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. உட்கார்ந்து இரண்டு பேரும் தராசைப் பிரித்துப் பார்த்தோம்.

ஒரு முத்திரைக்கு மயங்குகிற ஆள் நான் இல்லை. களைத்துப்போய்விட்டேன். வயது ஐம்பதை நெருங்குகிறது, இடுப்பு வலிக்கிறது, குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் லிஃப்ட் விஷயமாக எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார். ஆகையால் வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டியில் தாங்கள் வந்து தங்கள் மகளையும், அந்த நோட்டையும், முத்திரைகளையும், மைப்பெட்டியையும் அழைத்துக்கொண்டு போகவேண்டியது. இதில் எந்த மாற்றமும் இல்லை. நோட்டை வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள். என் முன்னால் வேண்டாம்.

தங்கைக்கு என் ஆசீர்வாதம். தங்களுக்கு, வயதில் நான்கு மாதம் மூத்தவன் என்ற உரிமையில், அதில் பாதி.

இப்படிக்கு,
மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பொடிசு வந்துவிட்டாள். கடிதம் அங்கே போய்ச்சேர எத்தனை நாள் ஆகும் என்றாள். வாய் தவறி இரண்டு நாள் என்று சொல்லிவிட்டேன். அது நோட்டில் ஏறிவிட்டது. ஆகவே கடிதம் கைக்கு வந்த தேதியையும் மணியையும் உடனே எழுதி அனுப்பவும். போன் செய்து சோதனையைக் கெடுத்துவிட வேண்டாம் என்கிறாள். ஒரு கடிதத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது என்பது தங்களுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு போடவேண்டியிருக்கிறது. அதுவரை இவள் இங்கே இருந்தாக வேண்டும். எனவே ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். மெக்கானிக்கும் அதையேதான் சொல்கிறார். ஊதா விஷயமாகத் தங்களையும் கேட்டு எழுதச் சொல்கிறாள். தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள், முத்திரை எங்களிடம் இருக்கிறது. ஆனால் மூன்று முறை எழுத வேண்டும்.