விசாரித்து வாங்கிய காது

தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குபவரை நீங்கள் அறிவீர்கள். அவர் அப்பாவி, அவரை விட்டுவிடுவோம். நாம் பார்க்கப்போவது வேறொருவரை. தேங்காயை எந்த விரலால் தட்டினால் சரியான சத்தம் வரும் என்று கத்தாரிலிருக்கும் கூட்டாளியிடம் கேட்டு, அதுபற்றிக் கண்ணில் பட்ட வீடியோவையெல்லாம் பார்த்து, தட்டுவதைவிடக் குலுக்குவதே மேல் என்று வாதிடும் கடைசி வீடியோவில் மனம் கலங்கி, கறிக்குத் தேங்காய் இல்லாமலே வீடு வந்து சேரும் மனிதர் இவர். ‘விசாரித்து வாங்குபவர்’ என்று இவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரிலும் இருக்கிறார். தெருவுக்கு ஒருவர் வீதம் படைத்தவன் பங்கிட்டிருக்கிறான்.

இவரை இனங்காண்பது எப்படி? மிகச் சுலபம். கல்முனை பஸாரில் ஒரு மின்சாதனக் கடைக்குள் இவர் காலெடுத்து வைத்ததும் முதலாளி தேநீர் குடிக்கப் பின்பக்கம் போய்விடுவார். இவர் பொருளைத் தூக்கிப் பார்ப்பார், கவிழ்த்துப் பார்ப்பார், அடியில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்தைப் படம் பிடிப்பார், “இது எந்த வருஷத்து மொடல்?” என்று கேட்பார், சொன்ன பதிலுக்குப் பரிதாபமாகச் சிரிப்பார், பிறகு “பாத்துட்டு வாறன்” என்று வெளியேறுவார். எதைப் பார்த்துவிட்டு? அது அவருக்கே தெரியாது. நீங்கள் அதே பொருளை வாங்கிவிட்டாலோ உங்களைத் தேடிக்கொண்டு வருவார். “ஒண்டு சொல்லட்டா? எல்லாரும் விடுற பிழையத்தான் நீங்களும் விட்டிருக்கீங்க” என்பார். அதற்குப் பிறகு அந்த மின்விசிறியின் காற்று உங்கள் மேலில் படவே படாது.

கல்முனைக்குப் பக்கத்துச் சாய்ந்தமருதில் இந்த இனத்துக்குத் தலைவர் ஜவாத். அரசாங்க அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கலியாணமான புதிதில் வீட்டுக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்குவதென்று நோன்பு காலத்தில் முடிவெடுத்தார். பெட்டி வந்து இறங்கியபோது ஹஜ்ஜுப் பெருநாள் போய், குர்பான் இறைச்சியும் தீர்ந்து, எலும்பைப் பூனை கொண்டுபோயிருந்தது. வெறும் பெட்டியைத் திறந்து காட்டி, உள்ளே எரியும் சின்ன விளக்கு எவ்வளவு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறதென்று மாமியாருக்கு விளக்கினார். மாமியார் சுல்பிகா ஒன்றும் கதைக்கவில்லை. அந்த மௌனத்தை ஜவாத் பாராட்டென்று எடுத்துக்கொண்டார்.

இந்தக் கிழக்குக் கரையில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியேறுவார், வீடு பெண்ணுக்குரியது. சுல்பிகா மாமிக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் றிஸ்னாவுக்கு ஒரு வீடு, இளையவள் அப்னாவுக்கு ஒரு வீடு. ஒரே வளவில், ஒரே சுவரின் இரண்டு பக்கங்களில். றிஸ்னாவின் கணவர் ஸாஜித், சாரன் விற்கும் துணிக்கடை வைத்திருப்பவர். அப்னாவின் கணவர் நம்முடைய ஜவாத். அல்லாஹ்வின் நாட்டம், அக்காவும் தங்கையும் ஒரே மாதத்தில் பிள்ளை பெற்றார்கள். அங்கே பெண், றிபா. இங்கே ஆண், இஹ்ஸான்.

ஸாஜித் கை நீட்டினால் மாமி பிள்ளையைக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவார். ஜவாத் கை நீட்டினால், “முதல்ல இரிங்க மகன்” என்று கதிரையில் இருத்தி, மடியில் தலையணை வைத்து, தலையணைமேல் பிள்ளையை வைத்து, பிள்ளைக்கு அடியில் தன்னுடைய இரண்டு கைகளையும் வைத்துக்கொள்வார். இப்போது பிள்ளை யாருடைய கையில் இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள். பிள்ளை பெற்று நாற்பது நாள் கழிந்த பிறகும் தலையணை கழியவில்லை. ஜவாத்துக்கு உள்ளுக்குள் நொந்தது, மெய்யாகவே நொந்தது. தன் பிள்ளையைத் தன்னை நம்பி ஒரு பொழுது விட்டுவிட்டுப் போகவேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். நியாயமான ஆசை. வேறொரு மனிதராயிருந்தால் பிள்ளையைத் தூக்கிப் பழகியிருப்பார். ஜவாத் பேபி மொனிட்டர் வாங்க முடிவெடுத்தார்.

அதாவது, பிள்ளை கிடக்கும் அறையில் ஒரு துண்டு, நம் கையில் ஒரு துண்டு. அங்கே பிள்ளை முனகினால் இங்கே கேட்கும்.

“இதென்ன மகன், புள்ள தும்மினா தெருமுனைக்குக் கேக்குது. இதுக்குப் போய் ஒரு றேடியோவா?” என்றார் மாமி.

“மாமி, ஒண்டு சொல்லட்டா? எல்லாரும் விடுற பிழை இதுதான். காத நம்பிக்கிட்டு இருக்கிறது.”

அன்று தொடங்கியது விசாரணை. பிள்ளை அழும்போது அவர் அழுகையைக் கண்டறியும் கருவிகளின் ஒப்பீட்டில் இருந்தார். பிள்ளை முதன்முதலாகச் சிரித்தபோது மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதில் இருந்தார். பிள்ளை கவிழ்ந்து விழுந்து வீடே கைதட்டியபோது, மூன்று பிள்ளை பெற்ற ஓர் அமெரிக்கத் தாய் எந்த மொடலை ஏன் திருப்பி அனுப்பினாள் என்பதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த அமெரிக்காக்காரியின் மூத்த மகனுக்கு மூக்கடைப்பு என்பதுவரை அவருக்குத் தெரியும். இஹ்ஸானுக்குச் சளி பிடித்தது அவருக்குத் தெரியாது.

கமெரா வைத்தது நல்லதா, வைக்காதது நல்லதா? இந்தக் கேள்வியில் மட்டும் மருமகனும் மாமியும் ஒரு பக்கம் நின்றார்கள். “அப்னா பால் குடுக்கிற அறைக்குள்ள கமெராவா? அல்லாஹ்வே!” என்று மாமி நெஞ்சில் கை வைத்தார். ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒருவன் இணையத்தால் உள்ளே புகுந்து எட்டிப் பார்க்கலாம் என்று ஜவாத்தும் வாசித்திருந்தார். எனவே கமெரா போயிற்று. கமெராவோடு இணையமும் போயிற்று. போகப் போக, உலகத்தில் இருக்கிற புதிய கருவிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்து, சத்தத்தை மட்டும் காற்றில் அனுப்பும் பழைய மாதிரி ஒன்றில் வந்து நின்றார். வீச்சு முந்நூறு மீற்றர். “கடற்கரைப் பள்ளிவாசலுக்குப் போனாலும் கேக்கும்” என்று பெருமைப்பட்டார். வீட்டுக்கு அகலம் எவ்வளவு? அது விசாரணையில் வரவில்லை.

விசாரித்து வாங்குபவருக்குத் தனியாக வாங்கினால் நிறைவு வராது. ஸாஜித்தைப் பிடித்தார். ஸாஜித்தோ, கடைக்காரர் தன் கையில் எதைத் திணித்தாலும் கொண்டுவந்துவிடும் மனிதர்.

“மச்சான், நீங்க போய் வேற எதையும் எடுத்துராதீங்க. நான் எடுக்கிறதயே எடுங்க. இதுக்கு மேல ஒண்டு இல்ல.”

“ஓம், எனக்கும் ஒண்டு சொல்லிருங்க. உங்களுக்குத் தெரியாததா?”

அதே மொடல், அதே நிறம். ஒரே நாளில் இரண்டும் வந்தன. ஜவாத் இரண்டு வீட்டிலும் தன் கையாலேயே பொருத்திப் பூட்டினார். பெட்டிக்குள் ஒரு மெல்லிய கைநூல் இருந்தது. பக்கத்தில் இதே கருவி இருந்தால் அலைவரிசையை மாற்றிக்கொள்ளவும் என்று அதில் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் வாங்குவதற்கு முன் எல்லாவற்றையும் வாசிப்பவர், வாங்கிய பின் எதை வாசிப்பார்? அந்தப் பொருள் முடிந்துவிட்டது. அன்றைக்கே அவர் பிள்ளை நடை பழகும் வண்டியை விசாரிக்கத் தொடங்கியிருந்தார். இஹ்ஸானுக்கு இன்னும் உட்காரவே தெரியாது.

முதல் அழுகை வந்ததும் ஜவாத் அறைக்குள் பாய்ந்தார். இஹ்ஸான் நித்திரை. இரண்டாம் முறை பாய்ந்தார். நித்திரை. அழுதது சுவருக்கு அந்தப் பக்கத்து றிபா.

“பவர் அப்பிடி,” என்றார் ஜவாத், கொஞ்சமும் தளராமல். “நல்ல மெஷினுக்கு அதுதான் அடையாளம்.”

அப்னா சிரித்தாள். “அது றிபாட சத்தம். கேட்டா விளங்காதா? அவள் பொட்டுப் பொட்டெண்டு அழுவாள். நம்மட புள்ள இழுத்து இழுத்து அழுவான்.”

ஜவாத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அழுகை அழுகைதானே? கொஞ்ச நாளில் அவர் பாய்வதை நிறுத்திவிட்டார். மொனிட்டர் அழுதால், தலை தூக்காமல், “றிபா” என்று சொல்லிவிட்டு இருப்பார். பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. ஏனென்றால் இஹ்ஸான் அழுமுன்பே அவனை யாராவது ஏணைத் தொட்டிலிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

அப்படியிருக்க ஒரு பகல் நிந்தவூரில் மாமியின் உறவில் ஒருவர் மௌத்தாகிப்போனார். சாவு நடந்த மையித்து வீட்டுக்குக் கைக்குழந்தையைக் கொண்டுபோவது சரியில்லை என்பது மாமியின் கொள்கை. அப்னாவும் போகாமல் இருக்க முடியாது. றிஸ்னாவிடம் விடலாம் என்றார் மாமி.

“ஏன் உம்மா, அவன்ட வாப்பா இரிக்காரே?” என்றாள் அப்னா.

மாமி மருமகனை மேலும் கீழும் பார்த்தார். “ஏலுமா மகன்?”

“மாமி, நானிரிக்கன். மெஷினும் இரிக்கி. நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க.”

மாமி பிள்ளையின் நெற்றியில் ஓதி ஊதினார், ஏணையைக் கொஞ்சம் ஆட்டினார், வாசல்வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் ஊதினார். பிறகு போனார். அந்த நேரம் ஜவாத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! தலையணை இல்லாத வாப்பா ஆகிவிட்டார்.

அறைக்குள் மின்விசிறி சுழன்றது, பிள்ளை நித்திரை கொண்டது. ஜவாத் மொனிட்டரையும் கைத்தொலைபேசியையும் எடுத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினார். அங்கேதான் சிக்னல் நல்லது. கடற்காற்றும் நல்லது. அத்தோடு, முந்நூறு மீற்றர் வீச்சுள்ள காதை வாங்கி வைத்துக்கொண்டு ஏணைக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருந்தால் வாங்கியதில் என்ன பிரயோசனம்? நடைவண்டிக்கு நான்கு சில்லு நல்லதா ஆறு சில்லு நல்லதா என்ற விசாரணையில் மூழ்கினார்.

மொனிட்டர் அழுதது.

“றிபா,” என்றார் ஜவாத்.

அது இழுத்து இழுத்து அழுதது. சத்தத்தைக் குறைத்தார். இன்னும் அழுதது. ஜவாத்துக்கு எரிச்சல் வந்தது. ஒரு பிள்ளையை இவ்வளவு நேரம் அழவிடுவதா? என்ன தாய் தகப்பன்? கைத்தொலைபேசியை வாயருகே பிடித்து ஸாஜித்துக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார்: “மச்சான், உங்கட மகள் கன நேரமா அழுறாள். றிஸ்னாட்ட சொல்லிப் பாக்கச் சொல்லுங்க. புள்ளைய இப்பிடி அழ விடப்படாது.”

ஸாஜித் கடையிலிருந்து பதறிப்போய் மனைவிக்கு அழைத்தார். குசினியில் நின்ற றிஸ்னா ஓடிப்போய்ப் பார்த்தாள். றிபா வாய் திறந்து நித்திரை. தன்னுடைய மொனிட்டரைக் காதில் வைத்தாள். ஒரு மூச்சு நேரம். இது இஹ்ஸான் என்று அவளுக்கு விளங்க வேறெதுவும் தேவைப்படவில்லை. பின்கதவால் ஓடினாள். வீட்டில் ஒரு குருவி இல்லை. மனிதர் தொழப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டாராக்கும் என்று நினைத்துப் பிள்ளையைத் தூக்கினாள்.

மேல்மாடியில் அழுகை நின்றது. ஜவாத் திருப்தியோடு தலையாட்டினார். ஒரு செய்தி போட்டதும் அலுவல் நடந்துவிட்டதல்லவா? மொனிட்டரில் றிஸ்னாவின் குரல் கேட்டது: “என்ட கிளியே, மூச்சு முட்ட அழுதிட்டியே. ஒன்ட வாப்பா ஒன்னத் தனியப் போட்டுட்டு எங்க போனாரு?”

ஜவாத்துக்குச் சிரிப்பு வந்தது. பாவம் ஸாஜித்! எந்த நேரமும் கடை, கடை. அவருக்கு இன்னொரு செய்தி அனுப்பினார்: “ஒண்டு சொல்லட்டா மச்சான்? வாப்பாமார் விடுற பெரிய பிழை, வீட்டில நிக்காதது.”

பின்னேரம் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. ஜவாத் இறங்கி வந்து, விரலை உதட்டில் வைத்து, “ஸ்ஸ், நல்ல நித்திர. ஒரு சத்தம் இல்ல” என்றார். அப்னாவின் முகம் மலர்ந்தது. மாமிகூட, சொன்னால் நம்பமாட்டீர்கள், மருமகனைப் பார்த்துப் புன்னகைத்தார். அறைக் கதவைத் திறந்தார்கள்.

ஏணை வெறுமையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்னா கத்திய கத்தலுக்கு மொனிட்டர் தேவைப்படவில்லை. ஜவாத் ஏணைச் சீலையை விரித்துப் பார்த்தார், கட்டிலுக்குக் கீழே பார்த்தார், கதவுக்குப் பின்னால் பார்த்தார். “யா அல்லாஹ், யா அல்லாஹ்” என்பதைத் தவிர ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. அந்தச் சில நிமிடங்கள் அவர் எதையும் விசாரிக்கவில்லை. வெறும் தகப்பனாக நடுங்கினார். அவரைக் கேலி செய்ய வந்த நமக்கே பாவமாக இருக்கிறது.

பின்கதவால் றிஸ்னா வந்தாள், தோளில் இஹ்ஸான். “இஞ்ச இரிக்கான். இந்த மெஷினாலதான் எனக்குக் கேட்டிச்சு. மச்சான் பள்ளியால வந்திட்டாரா?”

மாமி தலையணையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். அப்னா அதை வாங்கி ஒரு பக்கம் போட்டாள். கணவனைப் பார்த்துக் கேட்டாள், கோபமாகக்கூட இல்லை:

“ஒங்கட புள்ளட சத்தம் ஒங்களுக்குத் தெரியாதா?”

வீச்சு எத்தனை மீற்றர், மின்கலம் எத்தனை மணி என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அப்னா பிள்ளையை அவருடைய வெறுங்கையில் வைத்தாள். புதிய ஆளைக் கண்டு இஹ்ஸான் வீரிட்டான். இழுத்து, நடுவில் ஒரு விக்கல் விக்கி, மறுபடி இழுத்து. ஜவாத் அசையாமல் நின்று கேட்டார். அவருடைய கண் கலங்கியது. ஆகா, மனிதர் திருந்திவிட்டார் என்றுதானே எண்ணுகிறீர்கள்? அவருடைய வலது கை மெல்ல மெல்லச் சட்டைப்பைக்குள் போனது. “அப்னா, அழுறது எந்தப் புள்ளயெண்டு கண்டுபிடிச்சுச் சொல்ற அப் ஒண்டு இரிக்காம். எது நல்லதெண்டு பாக்கணும்.”

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதை வாசித்துக்கொண்டிருக்கும்போது எங்கேயோ ஒரு பிள்ளை அழுததே, கேட்டதா? அடுத்த வீடுதானே என்று நீங்கள் தலை தூக்காமல் அடுத்த வரிக்கு வந்தீர்கள். எதற்கும் ஒருமுறை எழும்பிப் போய்ப் பாருங்கள்.