பெரியப்பா இன்னும் இரண்டு நாள் பொறுத்திருக்கலாம்

சாவு வீட்டுக்குப் போகிற எல்லோரும் செத்தவரை நினைத்துக்கொண்டு போவதில்லை. ஒருவர் கடைசி பஸ்ஸை நினைப்பார், ஒருவர் பாகப்பிரிவினையை நினைப்பார். என் பெரியப்பா செத்த அன்று நான் என் அண்ணியின் தலைமுடியை நினைத்துக்கொண்டு போனேன். அந்த முடியில் யாருடைய கண்ணீராவது பட்டுத் தொலைக்கப் போகிறதே என்று வழியெல்லாம் பதறிக்கொண்டே போனேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வெள்ளானூரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, திருமுல்லைவாயிலில் ஒரு லேடீஸ் பார்லருக்கு முடி அலங்காரம் கற்றுக்கொள்ளப் போய்வந்தேன். முதல் மாதம் முழுக்க ஒரு பொம்மைத் தலையோடுதான் குடித்தனம். அதற்கு வாரினேன், பின்னினேன், ரோலர் சுற்றினேன். ஒருநாள் அயர்னிங் மெஷினை அளவுக்கு மீறிச் சூடாக்கி அதன் முன்நெற்றி முடியைக் கருக்கவும் செய்தேன். (அது வாயைத் திறக்கவில்லை. எங்கள் சொந்தக்காரர்களைவிட அதை எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.)

நான் பார்லருக்குப் போவது அப்பாவின் அண்ணனான பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆவடியில் ஃபேக்டரி வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எங்கள் வீட்டில் குழம்புக்கு உப்பு போடுவது தவிர மற்ற எல்லாவற்றையும் அவரைக் கேட்டுத்தான் செய்வார்கள்.

"அடுத்தவ தலையில கைய வெச்சி சம்பாரிக்கணும்னு நம்ம ஊட்டுப் பொண்ணுக்கு இன்னா வந்திச்சி? வேற கவுரவமான வேலையா இல்ல?" என்று கத்தினார். (இவர் மட்டும் மாதம் தவறாமல் சலூனில் உட்கார்ந்து மீசைக்கு டை அடித்துக்கொண்டு வருவார். அடித்துவிட்டவன் கை என்ன கையாம்?)

அப்பா பயந்து பயந்து ஒரு வழி சொன்னார். "அண்ணன் பேச்ச மீறி அனுப்பறேன். இந்த மாசத்துக்குள்ள வேலன்னு ஒண்ணு கெடச்சா சரி. இல்லன்னா அம்பத்தூர் எஸ்டேட்ல பேக்கிங் கம்பெனில ஆள் எடுக்கறாங்க. கம்முனு போய்டணும்."

வேலையும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. பார்லர் மேடம் ஆவடியில் ஒரு பிராஞ்ச் திறக்கப்போகிறார், அதற்கு ஒரு பெண் வேண்டும். பரீட்சை ஒன்றே ஒன்றுதான். உயிருள்ள தலை ஒன்றைக் கூட்டிவந்து, யார் உதவியும் இல்லாமல் ஸ்ட்ரெயிட்டனிங் செய்துகாட்ட வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் தலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கருகிய பொம்மையைப் பற்றி நானே பெருமையாகச் சொல்லி வைத்திருந்ததால் ஒருத்தியும் முன்வரவில்லை. அண்ணி மட்டும் வந்தாள். அவளுக்குச் சுருட்டையும் இல்லாமல் நேரும் இல்லாமல் அடர்ந்த முடி. அவள் கல்யாணத்தன்று பந்தி நடுவில் பெரியப்பா, "இன்னாமா, பொண்ணுக்குத் தலையில தேங்கா நார வெச்சி அனுப்பிகீறாங்க?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். அன்றிலிருந்து அண்ணி அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆரம்பித்தேன். கிரீம் தடவி, அலசி, காயவைத்து, இழை இழையாக அயர்ன் செய்து, மறுபடி கிரீம், மறுபடி அலசல், மறுபடி அயர்ன். முடிந்தபோது எனக்கு இடுப்பு இல்லை. அண்ணியின் முடி மட்டும் இடுப்பு வரைக்கும் நேராக இறங்கி நின்றது. கண்ணாடியை விட்டு அவள் நகரவே மாட்டேன் என்றாள்.

மேடம் ஒரு இழையை எடுத்து விரலால் உருவிப் பார்த்தார். "நல்லாத்தான் பண்ணியிருக்க. மூணு நாளைக்குத் தண்ணி படக்கூடாது. கட்டக்கூடாது, கிளிப் போடக்கூடாது, காதுக்குப் பின்னாடி ஒதுக்கக்கூடக் கூடாது. மண்டே நானே வாஷ் பண்ணிப் பார்ப்பேன். இப்படியே நின்னா ஆவடி உனக்கு" என்றார்.

சனிக்கிழமை காலையில் போன் வந்தது. பெரியப்பா காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம்.

அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். நான் என்னையும் அறியாமல், "இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டேன்.

"ஆமாண்டி, இன்னா அவசரம் அவருக்கு!" என்று அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அண்ணியை எப்படியாவது வீட்டில் நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். அவள் மறுத்துவிட்டாள். "நான் வருவேன். அந்தாளு எதிர்ல இந்தத் தலையோட ஒரு தடவ நிக்கணும்."

"அவரு கண்ண மூடிட்டாரு அண்ணி."

"பரவால்ல."

முடியைக் கட்டக்கூடாது என்பதால் அப்படியே விரித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். பந்தலுக்குள் அவள் நுழைந்ததும் ஒப்பாரி ஒரு நொடி நின்றது. பெரியப்பாவின் தங்கை, என் அத்தை, எழுந்து நின்று ஓங்கிச் சொன்னாள்: "பாருங்கடி! அவரு பேசினத மனசுல வெச்சிக்காம, தலய விரிச்சிகினு ஓடியாந்துகீறா பாரு! பெத்த பொண்ணுங்க கொண்ட போட்டுகினு ஒக்காந்துகீதுங்க!"

பெரியப்பாவின் மகள்கள் இரண்டு பேரும் அவசர அவசரமாகக் கொண்டையை அவிழ்த்தார்கள்.

அதன் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்துத்தான் அழுவார்கள். வந்தவர்கள் எல்லோரும் நேராக அண்ணியிடம் போய் விழுந்தார்கள். நான் கையில் ஒரு துண்டோடு அவள் பின்னால் உட்கார்ந்து, கண்ணீர் விழுந்த இடத்தையெல்லாம் ஒற்றி ஒற்றி எடுத்தேன். யாரோ பன்னீர் தெளித்துக்கொண்டு வந்தபோது எழுந்து நடுவில் நின்று மொத்தத்தையும் என் முகத்தில் வாங்கிக்கொண்டேன். "அண்ணி மேல இன்னா பாசம் பாரேன் இதுக்கு" என்று ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள்.

மேளத்தோடு பெரியப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்தது தலைமுழுகு. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி அருகே பெண்கள் வரிசையாக நிற்க, அத்தை குடத்தோடு தயாராக இருந்தாள்.

"அத்த, அண்ணிக்கு சைனஸ். உடம்புக்கு மட்டும் ஊத்திக்கட்டும்" என்றேன்.

"தீட்டுக்கு சைனஸு தெரியுமாடி?"

என்னிடம் கடைசி ஆயுதம் ஒன்று இருந்தது. சாவு வீட்டுக்குக் கைப்பையில் ஷவர் கேப் எடுத்துக்கொண்டு போன ஒரே ஜென்மம் இந்த ஆவடி வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன். அண்ணியை ஓரமாக இழுத்து மாட்டிவிட்டேன். அத்தையின் கண் அதில் பட்டுவிட்டது.

"இன்னாடி இது, மண்டையில பாலிதீன் கவரு?" என்று பிடுங்கி எறிந்தாள். ஒரு குடம் ஊற்றினாள். "நல்லா நனயட்டும்" என்று இன்னொரு குடம். போதாக்குறைக்கு அந்த முடியை முறுக்கிப் பிழிந்து, இறுக்கிக் கொண்டையும் போட்டுவிட்டாள்.

நான் கேவிக் கேவி அழுதேன். அன்று முழுக்க எனக்கு வந்த உண்மையான அழுகை அதுதான். அத்தை என் முதுகைத் தடவி, "இப்பத்தான் கொழந்தைக்குத் துக்கமே வெளிய வருது, அழுதுடு கண்ணு" என்றாள்.

திங்கட்கிழமை, தீட்டோடு தீட்டாக, வீட்டுக்குத் தெரியாமல் அண்ணியைப் பார்லருக்குக் கூட்டிப்போனேன். காது வரைக்கும் முடி நேராக இருந்தது. அதற்குக் கீழே முறுக்கின இடமெல்லாம் கோணிக்கொண்டு, பழைய தேங்காய் நாரே தேவலை என்று ஆகியிருந்தது.

"தண்ணி பட்டிருக்கு" என்றார் மேடம்.

"எங்க பெரியப்பா செத்துட்டாரு மேடம்."

"இங்க வேலை கத்துக்க வந்த பொண்ணுங்களுக்கு இதுவரைக்கும் எத்தனை பெரியப்பா செத்திருக்காங்க தெரியுமா?"

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மையான காரணத்தைச் சொன்னேன். அதற்கு இந்த மரியாதை. போனை எடுத்து, தெருமுனையில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரைக் காட்டினேன். அதில் பெரியப்பா, தன் மகள் ரிசப்ஷனில் எடுத்த போட்டோவில், கோட்டு சூட்டோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மேடம் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஆவடி பிராஞ்ச் வேறு ஒரு பெண்ணுக்குப் போனது.

இன்னொரு தடவை முயற்சி பண்ணுகிறேன், இன்னும் ஒரு மாதம் கொடுங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். "வேணாம்மா. பார்லர் வேலை வேணாம்னு செத்த மனுஷன் கடைசியா சொன்ன வார்த்த அது" என்றார். பெரியப்பா உயிரோடு இருந்தவரை அவரிடம் சண்டையாவது போட முடிந்தது. செத்தவரிடம் யார் போய்ப் பேசுவது? உயிரோடு தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. செத்துத் தடுத்துவிட்டார்.

பேக்கிங் கம்பெனிக்குப் போனேன். இன்றுவரைக்கும் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். நேராகத்தான் ஒட்டுவேன், சூப்பர்வைசரே சொல்வார்.

சாவு வீட்டில் நான் எதற்குப் பதறினேன், எதற்கு அழுதேன் என்ற விஷயத்தை ஆறு மாதம் கழித்து அண்ணிதான் சிரிப்பை அடக்கமுடியாமல் போட்டு உடைத்தாள். அத்தை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவளும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். இப்போது எங்கள் சொந்தத்தில் யார் படுக்கையில் விழுந்தாலும், "எதுக்கும் அவள ஒரு வார்த்த கேட்டுகினு சாவு" என்பார்கள். கல்யாண வீட்டிலும் இதே பேச்சு, காதுகுத்திலும் இதே பேச்சு. நானும் சேர்ந்து சிரிப்பேன், வேறு என்ன செய்வது.

போன வருஷம் அப்பா நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டரே கையை விரித்த நிலை. சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றோம். மூச்சு வாங்க வாங்க என்னைப் பார்த்துக் கேட்டார்: "யார் தலையிலயாச்சும் ஏதாச்சும் பண்ணி வெச்சிகீறியாமா? இல்லன்னா நான் கெளம்பறேன்."

"ஒண்ணும் இல்லப்பா. நீ தாராளமா கெளம்பு" என்றேன்.

வார்டே சிரித்தது. அப்பா இருமி இருமிச் சிரித்தார். பிழைத்தும் வந்துவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்லி, "எம் பொண்ணு இன்னா போடு போட்டா பாத்தியா" என்று பெருமைப்படுகிறார். நான் அதை விளையாட்டுக்குச் சொன்னதாகத்தான் அவர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.