நாற்பது மைல் மாப்பிள்ளை

"இதுக்குச் சக்கரம் ரெண்டுதானா?" என்று கேட்டார் மருந்துக் கடைக்காரர்.

"சைக்கிள்னா ரெண்டுதானே சார்," என்றார் மெக்கானிக்.

அது அவருக்கும் தெரியும். ஆனால் எதிரே நின்றது சாதாரண சைக்கிள் இல்லை. இரண்டு சீட், இரண்டு ஹேண்டில்பார், இரண்டு ஜோடி பெடல் என்று ஒரு பெஞ்சு நீளத்துக்கு இருந்தது. இவ்வளவு நீளத்துக்கு இன்னும் இரண்டு சக்கரம் போட்டிருந்தால் யார் குடி முழுகிப் போயிருக்கும் என்று நினைத்தார்.

பள்ளிக்கூட வாசலில் அதே மாதிரி பத்துப் பன்னிரண்டு இரட்டைச் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஆசிரியர்களும் அவரவர் துணையும் ஜோடி ஜோடியாக ஏரியைச் சுற்றி வர வேண்டும் என்பது தலைமை ஆசிரியையின் ஏற்பாடு. மருந்துக் கடைக்காரரின் மனைவி அங்கே கணக்கு டீச்சர். மற்றவர்களுக்கு இது லீவு நாள் பொழுதுபோக்கு. இவருக்கு மானப் பிரச்சினை.

காரணம் இருந்தது. டீச்சருக்கு வேறு இடத்தில் மாப்பிள்ளை பேசி முடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று, இவர் நாற்பது மைல் சைக்கிள் மிதித்து, வேர்த்து விறுவிறுத்து, அவள் வீட்டு வாசலில் போய் நின்றாராம். சட்டை தொப்பலாக நனைந்திருந்ததாம். அதைப் பார்த்துத்தான் அவள், "கட்டினா இவரைத்தான்" என்று வீட்டில் அடித்துச் சொன்னாளாம். இருபது வருஷமாக டீச்சர் இந்தக் கதையைச் சொல்லாத வீடு இல்லை. பிள்ளைகள் இரண்டும் தலைகீழாக ஒப்பிக்கும்.

உண்மையில் அந்த நாற்பது மைலும் அவர் பஸ்ஸில் வந்தார். வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டே வந்தார். இறங்கியதும் தெருமுனைக் குழாயில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பக்கத்துக் கடையில் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து, அவள் வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார். தள்ளத்தான் தெரியும். ஓட்டத் தெரியாது.

தலைமை ஆசிரியை அழைத்த அன்றே டீச்சர் ஒரு வழி சொன்னாள். "ஏங்க, கடையை விட்டுட்டு வர முடியாதுன்னு சொல்லிடட்டுமா?"

"ஏன், எனக்கென்ன கேடு? நாற்பது மைல் போனவனுக்கு ஒரு ஏரி எம்மாத்திரம்?"

வாய் அவரைக் கேட்காமலே பேசிவிட்டது. அந்த வாய்க்கு அது பழக்கம்தான்.

வேறு வழியில்லாமல், கடைக்குப் பின்னால் இருந்த சந்தில், மத்தியான நேரத்தில், வாடகை சைக்கிளில் ரகசியப் பயிற்சி ஆரம்பமாயிற்று. ஒரு வாரத்தில் நேராகப் போகக் கற்றுக்கொண்டார். சந்து முடிகிற இடத்தில் திரும்பக் கற்றுக்கொள்ளவில்லை. அங்கே ஒரு சுவர் இருந்தது. தினமும் அந்தச் சுவர்தான் வண்டியை நிறுத்தியது.

"முழங்கால்ல என்னங்க காயம்?" என்றாள் டீச்சர்.

"கடைப் பாத்ரூம்ல வழுக்கிட்டேன்."

"கடையில ஏதுங்க பாத்ரூம்?"

"பக்கத்துக் கடைப் பாத்ரூம்."

அவள் மருந்து போட்டுவிட்டாள். "நாளைக்கும் அந்தப் பாத்ரூமுக்குப் போகணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது தலைமை ஆசிரியை விசில் ஊத, எல்லோரும் மெக்கானிக்கைச் சுற்றிக் கூடினார்கள். அடர்ந்த மீசையும் கனத்த உடம்புமாக இருந்த மெக்கானிக் விதிகளைச் சொன்னார். முன்னால் இருப்பவர் திருப்ப வேண்டும், பின்னால் இருப்பவர் மிதிக்க வேண்டும். இறக்கத்துக்காகப் பின் சீட்டிலும் ஒரு பிரேக் உண்டு. காற்றில் பேச்சு சரியாகக் கேட்காது. அதனால் பின் சீட்டுக்காரர் முதுகில் ஒரு தட்டு தட்டினால் கிளம்பலாம், இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும்.

"முக்கியமா, முன்னாடி உக்காந்திருக்கிறவங்க திரும்பிப் பார்க்கவே கூடாது. தலை திரும்பினா ஹேண்டில் திரும்பும். ஹேண்டில் திரும்பினா ஜோடியா ஏரிக்குள்ள போயிடுவீங்க."

மருந்துக் கடைக்காரர் இடுப்புப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பஞ்சு, கட்டுத்துணி, வலி மாத்திரை எல்லாம் இருந்தன. கடையிலிருந்த பாதியை எடுத்து வந்திருந்தார்.

"ஏங்க, நான் முன்னாடி உக்காரட்டுமா? எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு," என்றாள் டீச்சர்.

அவர் பதில் சொல்வதற்குள் தலைமை ஆசிரியை குறுக்கே வந்தார். "அழகா இருக்கே. நாற்பது மைல் மாப்பிள்ளையைப் போய்ப் பின்னாடி உக்கார வைக்கிறதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முன் சீட்டில் ஏறிவிட்டார்.

முதுகில் ஒரு தட்டு விழுந்தது. பின்னால் டீச்சர் உந்தி மிதிக்க, வண்டி புறப்பட்டது. சாலையில் இருந்ததெல்லாம் தன்னைக் குறிவைத்தே வருவதாக அவருக்குத் தோன்றியது. ஒரு நாய், ஒரு தபால் பெட்டி, ஒரு கிழவரின் குடை. எல்லாவற்றுக்கும் மணி அடித்தார். தபால் பெட்டி மட்டும் நகரவில்லை. மயிரிழையில் தப்பினார்கள்.

முதல் வளைவில் சாலை திரும்பியது, இவர் திரும்பவில்லை. உரசுகிற மாதிரி ஒட்டிப் போனதில், பக்கத்தில் வந்த பி.டி. மாஸ்டரும் அவர் மனைவியும் புல்லில் சாய்ந்தார்கள். இவர் பதறிப்போய் இன்னும் வேகமாக மிதித்தார். நிறுத்தினால் மறுபடி கிளம்பத் தெரியாது என்பது ஒரு பயம். பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்பது இன்னொரு பயம். இந்த இரண்டு பயமும் சேர்ந்து அவரை எல்லோருக்கும் முன்னால் கொண்டுபோய் விட்டன.

"மாப்பிள்ளை பழைய வேகத்தைக் காட்டுறாருப்பா," என்று யாரோ கைதட்டினார்கள்.

நல்ல வேளையாக ஒரு மேடு வந்தது. மேட்டின் உச்சியில் தண்ணீர் வைத்திருந்தார்கள். முதுகில் இரண்டு தட்டு விழுந்ததும், எதிரே வந்த விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து வண்டியை நிறுத்தினார். கம்பத்தை விடவில்லை.

"இறங்கலையா?" என்றாள் டீச்சர்.

"இறங்குற வழக்கமெல்லாம் என்கிட்ட இல்லை."

"இதுக்கப்புறம் இறக்கம் ரொம்பச் செங்குத்தாம். அந்தா, மெக்கானிக் வந்த வேன் நிக்குது. குறுக்கு வழியில ஸ்கூலுக்குப் போயிடலாம். எனக்குத்தான் கால் வலின்னு சொல்லிக்கிறேனே."

அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் தலைமை ஆசிரியையின் விசில் சத்தம் நெருங்கியது.

"நீ தண்ணியைக் குடிச்சிட்டு வந்து ஏறு," என்றார்.

டீச்சர் பெருமூச்சு விட்டு இறங்கிப் போனாள். அவர் கம்பத்தை அணைத்தபடி முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ குசுகுசுவென்று பேசினார்கள். சற்று நேரத்தில் வண்டி அமிழ்ந்து கொடுத்தது. முதுகில் தொம்மென்று ஒரு தட்டு விழுந்தது. கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே கம்பத்தை விட்டார்.

இறக்கம் கண்ணுக்கு முன்னால் பாதாளமாகத் திறந்தது. அதன் அடியில் சாலை வளைந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் ஏரி இருந்தது. அவருக்கு நேராகப் போகத்தான் தெரியும். நேரே ஏரிதான் இருந்தது.

காற்று காதில் அறைந்தது. கதை முடிந்தது என்று அவர் தீர்மானித்துவிட்டார். தான் போன பிறகு டீச்சர் வருகிறவர்களிடமெல்லாம் என்ன சொல்லி அழுவாள் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். அந்த நாற்பது மைலைச் சொல்லித்தான் அழுவாள். ஒரு பொய்க்காக அவள் அழுவதை நினைத்தபோது, ஏரியைவிட அது பெரிய பயமாக இருந்தது.

"இங்க பாரு," என்று முன்னால் பார்த்தபடியே கத்தினார். "எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது."

ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மேலும் கத்தினார்.

"அன்னிக்கும் நான் சைக்கிள்ல வரலை. பஸ்ல வந்தேன். சட்டையில இருந்தது வேர்வை இல்லை, குழாய்த் தண்ணி. சைக்கிள் உங்க தெருமுனையில வாடகைக்கு எடுத்தது. உன்னை ஏமாத்திட்டேன். ஆனா உன்னை வேற யாருக்காவது கொடுத்துடுவாங்களோன்னு பயந்தேன் பாரு, அது மட்டும் நிஜம்."

அப்போது பின் பிரேக் கிறீச்சிட்டது. பின்னால் இருந்த கனம் ஒரு பக்கமாகச் சாய, வண்டி தானாகவே வளைந்து, ஏரிக்கரையை ஒட்டி அழகாகத் திரும்பியது. சமதரையில் பெடல் பேய்த்தனமாகச் சுழன்றது. ஆத்திரத்தில் மிதிக்கிறாள், மிதிக்கட்டும் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்குப் போனதும் காலில் விழுந்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

பள்ளிக்கூட வாசல் வந்தது. வாசலில் கையில் துண்டோடு டீச்சர் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். மெக்கானிக் சொன்னபடியே எல்லாம் நடந்தது. ஏரி இல்லாததால் புல்தரையில் விழுந்தார்கள்.

மருந்துக் கடைக்காரருக்கு அடியிலிருந்து முதலில் ஒரு மீசை வெளியே வந்தது.

"நீங்களா?" என்றார் இவர்.

"மேடம்தான் ஏறச் சொன்னாங்க சார். அவங்க வேன்ல வந்துட்டாங்க."

"நான் பேசினதெல்லாம்..."

"நல்லாவே கேட்டுச்சு சார்."

டீச்சர் ஆசிரியர்களோடு வந்துகொண்டிருந்தாள். "அன்னிக்கும் இப்படித்தான், சட்டை பிழியுற மாதிரி வந்து நின்னாரு. நாற்பது மைல்," என்று பெருமையாகச் சொல்லும் குரல் கேட்டது. அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். இன்றைக்கு அது உண்மையான வேர்வை.

அவர் மெக்கானிக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். அந்த பஸ் விஷயம் அவளுக்குத் தெரியவே கூடாது."

மெக்கானிக் மீசையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

"மேடமும் இதையேதான் சார் கேட்டுக்கிட்டாங்க, உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு. அன்னிக்கு அந்த பஸ்ல உங்களுக்குப் பின் சீட்டுல வந்ததே அவங்கதானாம்."