என் ஈரலைப் பற்றிய வதந்திக்கு மறுப்பு

அம்பத்தூர்,
5-12-1994

அன்புத் தம்பி சம்பத்துக்கு, உன் அக்கா சாமுண்டீஸ்வரி எழுதுவது. பெங்களூர்க் குளிரில் நீயும் சுசீலாவும் தும்மாமல் இருக்க வேண்டுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் குடிப்பதில்லை. "உங்க அக்கா ராத்திரியில் தண்ணி போடுகிறார்" என்று உனக்கு ஃபோன் வந்ததாம். அதை நம்பி, என் வீட்டைப் பூட்டி என்னைப் பெங்களூருக்கே அழைத்துப்போக வரப்போகிறாயாம். உன் கடிதத்தில் ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை. குடித்தது யார் என்று எனக்கே சந்தேகம்.

நடந்தது இதுதான். வலப்பக்க விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக இருக்கிறதே என்று பூந்தமல்லியில் டாக்டர் ஃபக்ருன்னிசாவிடம் போனேன். துணைக்கு வந்தவள் என் மாடியில் குடியிருக்கும் வேம்புலியம்மாள். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்றார். வேம்புலியம்மாளின் புருஷன் குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்டவன். ஈரல் கெட வேறு வழியும் உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. "நீயுமா பெரிம்மா? எங்க ஊட்டுக்காரு ரோட்ல உயுந்து கெடப்பாரு. நீ சத்தமே இல்லாம இர்ந்துகீறியே!" என்றாள், அத்தனை நோயாளிகள் முன்னால்!

டாக்டர் சிரித்துவிட்டு, "ஈரல் கெட குடியே வேணாம்மா, உங்க ஜாமும் கேக்கும் போதும்" என்றார். கான்வென்ட் பழக்கத்தில் வெள்ளை ரொட்டி, வெண்ணெய், ஜாம், நாலு மணிக்குக் கேக் என்று கண்ணியமாக வாழ்பவள் அல்லவா நான்? அந்தச் சர்க்கரையை ஈரல் கொழுப்பாக்கிச் சேர்த்துவைக்கிறதாம். ஈரலில் சுரக்கும் பித்தநீர் குடலுக்குப் போய்க் கொழுப்பைக் கரைத்துவிட்டு, பெரும்பாலும் ஈரலுக்கே திரும்புகிறதாம். வழியில் குடலில் இருக்கும் கோடானுகோடி கிருமிகள் அதைக் கொஞ்சம் மாற்றி அனுப்புகின்றனவாம். கீரை, தானியம் போட்டால் நல்ல கிருமிகள் தழைக்குமாம். கேக்காகப் போட்டால் போக்கிரிகள் பெருகி, அவை கைவைத்த பித்தநீர் ஈரலுக்குத் தொல்லையாகலாமாம். "இதுல இன்னும் ஆராய்ச்சி நடக்குதும்மா" என்றார். என்னைக் கேட்காமல் எனக்குள் இத்தனை பேர் குடித்தனம் நடத்துவது எனக்கு அன்றுதான் தெரியும்.

கேழ்வரகுக் கூழ் சாப்பிடச் சொன்னார். நானா, கூழா? ஆடி மாதம் தெருவில் ஊற்றும்போதே வாங்காதவள். வெட்கத்தில் மாவைத் திருட்டுத்தனமாகப் புளிக்கவைத்து, காய்ச்சி, மோர் கலந்து, பழைய ஸ்குவாஷ் பாட்டிலில் ஊற்றி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு பீங்கான் கோப்பையில் குடித்தேன். புளித்த வாடை மாடிக்குப் போய்விட்டது.

மறு வெள்ளிக்கிழமை வேம்புலியம்மாள், "ஒடம்புக்கு நல்லது பெரிம்மா, ஒரு கயிறு கட்டிக்கலாம் வா" என்று நூம்பல் பக்கம் ஓர் அம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வரிசையில் எல்லாரும் கண் சிவந்த ஆண்கள். பாவம், கண்வலிபோல என்று நானும் நின்றேன். முன்னால் நின்றவர், "அக்கா, டெய்லி எவ்ளோ?" என்றார். கூழைத்தான் கேட்கிறார் என்று, "காலையில் ஒரு கோப்பை, இரவில் ஒரு கோப்பை" என்றேன். "காலீலயேவா!" என்று கும்பிட்டு, தன் இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். பூசாரி கயிற்றைக் கட்டி, "ஒரு வருஷம் குடிக்க மாட்டேன்னு சொல்லும்மா" என்றபோதுதான் விளங்கியது. சொன்னேன், சம்பத். நல்ல உச்சரிப்போடு சொன்னேன். என்ன நஷ்டம்?

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைத் திறந்து வேம்புலியம்மாளைக் குடிக்கவைத்தேன். "அட, கூழு! இதுக்கா ஜன்னல சாத்திகினு கெடந்தே? நான் வேற தெரு முச்சூடும் சொல்லிக்கினு கீறேனே, பெங்களூருக்கு ஃபோன் வேற போட்டுட்டனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆகவே, தம்பி, நீ வரவேண்டாம். ஈரலும் என்னுடையது, வீடும் என்னுடையது. கேக்கை அடியோடு விட்டுவிட்டேன். சுசீலாவுக்கு என் ஆசி. உங்கள் இருவர் ஈரலும் நீடூழி வாழ்க.

பின்குறிப்பு: எப்படியும் வந்தே தீருவாய் என்றால், உங்கள் தெருமுனை பேக்கரியில் பழங்களை ரம்மில் ஊறவைத்துச் செய்கிறார்களே, அந்தப் பிளம் கேக் இரண்டு வாங்கி வா. அம்மன் முன் நான் சத்தியம் செய்தது குடிப்பதைப் பற்றி. தின்பதைப் பற்றிப் பூசாரி பேச்சே எடுக்கவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். ஃபோன் வேண்டாம், மாடிக்குக் கேட்கும். வாங்கி வருவாயா மாட்டாயா என்று கடிதத்தில் பதில் எழுது.