ரங்கூன் ஐயாவின் வலதுகால் ஷூ

பெண் பார்க்கப் போகிறவனின் ஷூவை யாரும் பார்ப்பதில்லை. வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் எனக்கு மட்டும் அன்று ஞாபகம் வரவில்லை.

ஷூ என் அத்தானுடையது. (எடுத்தது அக்காவுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.) கிளம்பும் நேரத்தில் பைக் ஸ்டாண்டில் உரசி, வலதுகால் ஷூவின் முனை சிராய்த்து, ஓரத்தில் கிழிந்தும்விட்டது. கொழுப்பு தடவினால் தோலில் வடு மறையும் என்று செல்போன் வீடியோவில் ஒருவர் சொல்லியிருந்தார். எந்தக் கொழுப்பு என்று கேட்கும் வரை எனக்குப் பொறுமை இல்லை. ஃப்ரிட்ஜில் ஆட்டுக்கொழுப்பு இருந்தது. உருக்கி, விளக்குக் கரியைக் குழைத்து, கிழிசலில் அப்பினேன். பளபளப்பு வந்தது. வாடையும் வந்தது.

காரைக்குடியில் அப்பச்சியோடு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) காரை விட்டு இறங்கியதும் ஒரு நாய் என் பின்னாலேயே வந்தது. குரைக்கவில்லை. நான் நின்றால் அதுவும் நின்றது.

பெண் வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. கரண்ட் இல்லை. பட்டப்பகலிலும் தூண்களுக்குப் பின்னால் இருட்டாக இருந்தது. சுவரில் கோட்டு போட்ட ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஐயா. போயி அறுபது வருஷமாச்சு. ரங்கூன்லருந்து வந்த பெறகும் மச்சுல ஷூவோடதான் நடப்பாக. இப்பவும் சில நாள் சத்தம் கேக்கும். பயப்படாதீக" என்றார் பெண்ணின் அப்பா.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

தலைக்கு மேலே "டக்" என்றது. பிறகு தரையில் எதையோ இழுக்கும் சத்தம். மறுபடி "டக்." ஒற்றைக் கால் சத்தம். பெண்ணின் அப்பா எழுந்து நின்று கைகூப்பினார். என் அப்பச்சியும் கூப்பினார். என் கையிலிருந்த காபி பேன்ட்டில் கொட்டியது.

பெண் (வள்ளி, இப்போது என் மனைவி) காபித் தட்டை வைத்துவிட்டுத் தனியாக மாடி ஏறினாள். சத்தம் நின்றது. பின்கட்டுப் படியில் ஏதோ தடதடவென்று இறங்கி ஓடியது. கையில் ஒரு ஷூவோடு அவள் வந்தாள். கரியும் எச்சிலும் பல் தடமுமாக, அது மண்ணுக்குள் அறுபது வருஷம் கிடந்தது போலிருந்தது.

"ஐயா ரூம் வாசல்ல கெடந்துச்சு."

"தம்பி, இது ஒங்களோடதா?" என்றார் அவள் அப்பா.

வள்ளி என்னைப் பார்த்தாள். ஆமென்றால் சம்பந்தம் போச்சு. எனக்கோ அவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

"இல்லைங்க" என்றேன்.

அவர் கண் கலங்கியது. "அப்ப ஐயாவே எறங்கி வந்து சம்மதம் சொல்லிட்டாக."

கல்யாணம் முடிவானது. வெறுங்காலோடு கிளம்பியவனிடம் வள்ளி ஒரு மஞ்சப்பையை நீட்டி, "பலகாரம்" என்றாள். காரில் பிரித்தேன். இடதுகால் ஷூ.

வருஷா வருஷம் மாமனார் வீட்டில் முன்னோருக்குப் போடும் படைப்பில் ஐயா படத்துக்கு முன்னால், பலகை மேல், பொட்டு வைத்து வலதுகால் ஷூ இருக்கும். மாப்பிள்ளை என்பதால் நான்தான் முதலில் விழுந்து கும்பிட வேண்டும். போன வருஷம் அத்தானும் வந்திருந்தார். கும்பிட்டு எழுந்தவர் வெகுநேரம் அதையே பார்த்தார்.

"எங்கிட்டயும் இதே மாதிரி ஒரு சோடி இருந்துச்சு மாப்ள. எங்க போச்சுன்னே தெரியல."

நான் சுவரைப் பார்த்தேன். வள்ளி பயபக்தியோடு திருநீற்றை நீட்டினாள்.

"ஐயா எடுத்திருப்பாகண்ணே."