மேடம் அனுப்பிய மெயில்

"எதிரிப் படை கோட்டையைச் சுத்தி வளைச்சுடுது. அப்பதான் நம்ம ஃபயர்வால்..." என்று கம்ப்யூட்டர் வாத்தியார் சொல்லிக்கொண்டிருந்தபோது, முன்பெஞ்சுப் பெண் விட்ட கொட்டாவி மற்ற ஒன்பது பேரையும் தொற்றிக்கொண்டது.

அதுவரை கம்ப்யூட்டர் அறை ஆண் பிள்ளைகளின் ராஜ்ஜியம். சைபர் பாதுகாப்பு வகுப்பை மாணவிகளுக்கென்றே தொடங்கச் சொல்லிப் போன வாரம் தலைமையாசிரியையிடமிருந்து மெயில் வந்திருந்தது. காலில் மாவுக்கட்டோடு வீட்டில் படுத்திருந்தாலும் அவர் பிடி தளரவில்லை. "போனில் தொந்தரவு செய்யாதீர்கள். எதுவானாலும் மெயில்" என்று கண்டிப்பு வேறு.

வாத்தியார் தற்காலிக ஊழியர். வகுப்பு படுத்துவிட்டால் வேலையும் போய்விடும்.

அன்று மாலையே அடுத்த மெயில்: "கோட்டை, படையெல்லாம் வேண்டாம். பிள்ளைகளின் வீட்டில் நடப்பதை வைத்துச் சொல்லிக்கொடுங்கள்."

படுத்த இடத்திலிருந்தே எப்படித் தெரிந்துகொள்கிறார் என்று வாத்தியார் மெயிலை மறுபடி படித்தார்.

மறுநாள் கேட்டார். "வீட்டுல யாருக்குத் தெரியாம எதை மறைப்பீங்க?"

பத்துக் கைகளும் உயர்ந்தன.

"அண்ணனுக்குத் தெரியாம என் டைரி சார்!"

"எங்கக்கா போனைத் திறக்கும்போது விரல் போற போக்கைப் பாத்தே அத்தை லாக்கைக் கண்டுபிடிச்சுட்டாங்க சார்!"

"அட, இதைத்தான் நான் ஒரு வாரமா சொல்ல வந்தேன்!" வாத்தியார் துள்ளினார். குஷியில் வீட்டுப்பாடமும் கொடுத்தார்: வீட்டில் யாருடைய பாஸ்வேர்டு சுலபமோ, அதை ஊகித்து அவர்களிடமே சொல்ல வேண்டும்.

இரண்டு நாளில் ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். "அப்பா பாஸ்வேர்டு அம்மா பேரா இருக்கும்னு நெனச்சேன் சார். பழைய மோட்டார் சைக்கிள் நம்பராம். அம்மா அப்பாகிட்ட பேச மாட்டேங்கிறாங்க."

"இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க!" என்று பதறினார்.

மாணவிகள் அப்படியே செய்தார்கள். யாரிடமும் சொல்லாமல், வீட்டிலிருந்த பாஸ்வேர்டுகளையெல்லாம் பதினாறு எழுத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு சித்தப்பா தன் போனைத் திறக்க, அண்ணன் மகள் பள்ளிவிட்டு வரும்வரை வாசலில் காத்திருந்தார்.

அடுத்த வாரம் வகுப்பு வாசலில் ஏழு அம்மாக்கள்.

"நீங்கதான் பாஸ்வேர்டு வாத்தியாரா?"

"ஆமாம்மா... மன்னிச்சுடுங்க..."

"மன்னிப்பா? நேத்து ஒருத்தன் பார்சல் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்கன்னான். நான் சொல்லப் போனேன். எம்பொண்ணு போனைப் பிடுங்கி, அவனைக் கேட்ட கேள்வியில ஆளே காணோம்! எங்களுக்கும் கத்துக்குடுங்க சார். சனிக்கிழமை வரலாமா?"

வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். பத்துப் பேரும் கொட்டாவி இல்லாமல் அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் ஆபீஸ் உதவியாளர், தலைமையாசிரியை வீட்டில் கையெழுத்து வாங்கிய ஃபைல்களோடு உள்ளே வந்தார்.

"அண்ணே, மேடத்துக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும்! அவங்க மெயில் மட்டும் வரலைன்னா என் கதி என்ன ஆயிருக்கும்?" என்றார் வாத்தியார்.

உதவியாளர் விழித்தார். "மேடம் மெயிலா? யாரோ பாஸ்வேர்டை மாத்திட்டாங்க, மெயிலையே திறக்க முடியலன்னு அவங்க ஒரு மாசமா புலம்பிக்கிட்டு இருக்காங்களே சார்!"